பழவேற்காட்டுக்கு வரவேண்டிய மணல்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில், பொன்னேரியைக் கடந்து போகும் சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தின் கடைக்கோடி ஊர். அதற்கு அப்பால் ஏரி. ஏரியைத் தாண்டி ஒல்லியான மணல் திட்டு. திட்டைத் தாண்டினால் வங்கக் கடல். ஐந்நூறு ஆண்டுகளாகக் கடலோடிகள் அறிந்த இந்தச் சிற்றூருக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து, புயலைப் போல ஓர் இரவில் வந்து போவதல்ல. ஏரியின் வாய் அடைபடுகிறது. ஊரைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் கரை தேய்கிறது. தெற்கே, பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள், கடலுக்குள் இன்னும் பெரிய கற்சுவர்களை நீட்டும் திட்டம் ஒன்று அனுமதிக்குக் காத்திருக்கிறது. அனுமதி கிடைத்துக் கல் கொட்டத் தொடங்கிவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை. கடலில் போட்ட கல்லைத் திரும்ப எடுப்பது எளிதல்ல.

பழவேற்காட்டைப் பற்றிப் பேச அந்த ஏரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடியில் உள்ள சிறு பகுதி மட்டுமே தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு கடலுக்கும் ஏரிக்கும் இடையில் படுத்திருக்கிறது. தெற்கிலிருந்து ஆரணியாறும், மேற்கிலிருந்து காளங்கியும், வடக்கிலிருந்து சுவர்ணமுகியின் கிளையும் நன்னீர் கொண்டுவருகின்றன. இத்தனை பரப்பு இருந்தும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே மீன் பிடிக்கலாம். ஆழமில்லாத இந்த நீர்தான் பூநாரைகளையும் கூழைக்கடாக்களையும் இங்கே வரவழைக்கிறது. 1976-இல் ஆந்திரமும் 1980-இல் தமிழ்நாடும் தத்தம் பகுதிகளைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன.

ஏரி உயிரோடு இருப்பது முகத்துவாரத்தால். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி ஏரி நிறையும்போது நீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். மழை ஓய்ந்த பின் கடல்நீர் அலையேற்றத்தில் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியே போகும். கோடையில் ஏரி வற்றி உப்பேறும், முகத்துவாரம் ஒடுங்கும், சில ஆண்டுகளில் மூடியே போகும். இந்த இயல்பான சுழற்சியோடு பிணைந்தது இங்கே பிடிபடும் ஒவ்வோர் உயிரின் வாழ்க்கையும். இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உவர்நீரின் சேற்றில் தின்று வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குப் போகிறது. மடவையும் அப்படியே. சேற்று நண்டு ஏரியில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குச் செல்கிறது. வாய் திறந்திருக்க வேண்டிய மாதங்களில் அடைபட்டுப் போனால் அந்த ஆண்டின் குஞ்சுகள் வெளியே நிற்கும். உள்ளே இருப்பவை வெளியேற முடியாது. அடுத்த ஆண்டின் வலை காலி. அடைபட்ட வாயை வெட்டித் திறக்க அரசு வரும் எனக் காத்திருந்து அலுத்து, மீனவர்களே பணம் திரட்டி மணலை வாரிய ஆண்டுகள் உண்டு.

அந்த வாயைச் சுற்றித்தான் ஊரின் சட்டமே உருவாகியிருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய பாடுகளில் வரத்து அதிகம், உள்ளே போகப்போகக் குறையும். எனவே எந்தப் பாடும் யாருக்கும் சொந்தமில்லை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் முறை வைத்து, சீட்டுப் போட்டு, சுத்துவலை கட்டும் இடங்களை மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தலைமுறைகளாக நடந்துவருகிறது. நல்ல இடம் இன்று கிடைத்தவருக்கு நாளை கிடைக்காது. இன்று இழந்தவருக்கு நாளை உண்டு. பொதுச் சொத்தை ஊரே ஆளும் முறைக்கு உதாரணமாக உலக ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். குறைகளும் அதில் உண்டு. பாடுகளில் உரிமை பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்துக்கே. பெண்களுக்கும் பிற சமூகங்களுக்கும் அதில் இடம் கிடைத்ததில்லை. வலையோ படகோ இல்லாத இருளர் குடும்பங்கள், நீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையால் சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் ‘பறி’ என்னும் கூடையில் போட்டுக்கொள்கின்றன. அந்தக் குடும்பங்களின் பெண்கள் பிடிக்கும் இறாலுக்கு எந்தப் புள்ளிவிவரமும் இல்லை. ஏரி கெட்டால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் கடைசியாகக்கூட வராது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் திட்ட அறிக்கைகளில் ‘பாதிக்கப்படுவோர்’ என்று எழுதப்படுவது பதிவு செய்த படகுகளின் எண்ணிக்கையை வைத்தே.

ஊரின் வரலாறும் இந்த வாயின் வரலாறுதான். பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் முகத்துவாரத்தின் வழியாகச் சரக்கை ஏற்றி இறக்கின. உள்ளே அமைதியான நீர், வெளியே திறந்த கடல்: துறைமுகம் கட்டாமலே துறைமுகமாக இருந்த இடம். விஜயநகர ஆட்சிக் காலத்தில் மலாக்காவுக்கும் பர்மாவின் பெகு நாட்டுக்கும் இங்கிருந்து துணி போயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் நிறைந்த செழிப்பான துறை என்று பழவேற்காட்டை எழுதிவைத்தார். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற அடையாளம் மகிமை மாதா ஆலயம். 1515-இல் எழுந்ததாக மரபு சொல்கிறது.

பிறகு வந்தவர்கள் டச்சுக்காரர்கள். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு 1610-இல் இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். 1612-இல் போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அன்றிலிருந்து 1690 வரை, தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதும் டச்சு வணிகத்தின் தலைநகர் இந்த ஊர்தான். சுற்றியிருந்த நெசவூர்களின் கட்டம் போட்ட துணி இங்கிருந்து தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போயிற்று; மலாய் உலகில் ஆண்கள் உடுத்தும் ‘பெலிக்காட்’ சாரம் இன்றும் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. வெடிமருந்து இங்கே செய்யப்பட்டு பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டது. மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக இந்தக் கரையிலிருந்து கப்பலேறினார்கள். பழவேற்காட்டின் பெருமையைப் பேசுகிற சுற்றுலாப் பலகைகள் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தி சென்னைவாசிகள் அறிய வேண்டியது. இதே ஏரியின் வடகோடியில், துர்கராஜப்பட்டினத்தில், 1626-இல் ஆங்கிலேயர் ‘ஆர்மகான்’ என்று பெயரிட்டு ஒரு பண்டகசாலை அமைத்தார்கள். அது சரிப்படாமல்தான் பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய், 1639-இல் மதராஸப்பட்டினத்துக்கு நிலம் பெற்றார். அந்தப் புதிய ஊர் வளர வளர ஏரிக்கரைத் துறைகள் ஒடுங்கின. 1806-இல் கெல்ட்ரியா கோட்டையை ஆங்கிலேயர் தகர்த்தார்கள். 1825-இல் பழவேற்காடு முழுமையாக அவர்கள் கைக்குப் போயிற்று. அதன் பிறகு இந்த ஊரின் வேலை நகரத்துக்கு வேண்டியதை அனுப்புவதாக மாறியது. பக்கிங்காம் கால்வாய் வழியாக ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகும், ஏரியின் கிளிஞ்சலும் மீனும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. சென்னையின் எத்தனையோ அடுப்புகள் இந்தத் தீவின் விறகில் எரிந்தன. 1960-களின் இறுதியில் விண்வெளித் தளத்துக்காக அந்தத் தீவு எடுக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த குடும்பங்கள் வெளியேறி ஏரிக்கரையூர்களில் குடியேறின. ஏற்கெனவே பங்கிடப்பட்டிருந்த பாடுகளில் மேலும் பங்கு கேட்க வேண்டிய நிலை அப்படி வந்தது.

கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு, சுற்றி அகழியின் தடம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும், பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளையும் காண வார இறுதிகளில் ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், அது காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் காக்கப்பட்ட சுவருக்கு வெளியே நிற்கும் ஊருக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பும் இல்லை. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் முஸ்லிம் பெண்களின் கைத்தொழில், மசூதிகள், பெருமாள் கோயில், கழிக்கரையின் குப்பங்கள் எல்லாம் ஒரே மணல் மேட்டில் நிற்பவை.

இனி மணலுக்கு வருவோம். இந்தக் கரையோரம் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டுக் கணக்கை நேர் செய்தால் வடக்கே போவதே மிகுதி. சென்னை தொடங்கி ஸ்ரீஹரிகோட்டா வரை உள்ள கரை, இப்படி ஓயாமல் வடக்கே நகரும் மணலாறு ஒன்றின் கரை. தலைமடைக்காரர் வாய்க்காலை மறித்தால் கடைமடை காயும் என்பது நம் எல்லா உழவர்களுக்கும் தெரியும். பழவேற்காடு இந்த மணலாற்றின் கடைமடை.

முதல் மறிப்பு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. இன்று நாம் பெருமையோடு காட்டும் மெரினாவின் அகலம் அந்தச் சுவர் மறித்த மணல்தான். சுவருக்கு வடக்கே என்ன ஆயிற்று? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரை வரிசையாகத் தின்னப்பட்டது. வீடுகள் போயின, கோயில்கள் போயின, சாலை போயிற்று. கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அதற்கடுத்த குப்பம் அரிக்கப்பட்டது. அங்கேயும் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் கற்சுவர்களான ‘தூண்டில் வளைவு’கள் வந்தன, அவையும் தம் தெற்கில் மணலைச் சேர்த்து, வடக்குக்கு அரிப்பை அனுப்பின. வடசென்னையின் கரையில் இன்று மணலைப் பார்ப்பதே அரிது, பார்க்கும் இடமெல்லாம் கருங்கல். மெரினாவில் காற்று வாங்கும் நாம் எல்லோரும் இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது மறிப்பு எண்ணூர். 2001-இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம். மூன்றாவது அதை ஒட்டி வடக்கே, காட்டுப்பள்ளியில் தனியார் கட்டிய துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் தன் இடத்திலிருந்து பெயர்ந்தது. சென்னைத் துறைமுகத்தையும் சேர்த்தால் முப்பது கிலோமீட்டர் அளவுக்குள் மூன்று துறைமுகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆய்வு, தனித்தனியே அறிக்கை, தனித்தனியே அனுமதி. ஒவ்வோர் அறிக்கையும் தன் எல்லைக்குள் மட்டும் பார்த்து, பாதிப்பு சமாளிக்கக்கூடியது என்ற முடிவுக்கு வந்தது. மூன்றையும் சேர்த்து வடக்கே என்ன ஆகிறது என்று கேட்கும் கடமை எந்த மேசைக்கும் இல்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே காளஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் பக்கம் கரை உள்வாங்குவதை மீனவர்கள் ஆண்டுதோறும் சொல்லிவருகிறார்கள். வலை காயப்போட்ட இடம் இன்று நீருக்குள் இருக்கிறது.

கரையில் மணல் குறைகிறது என்றால் முகத்துவாரம் மணலால் அடைவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய் திறந்திருப்பது மணலின் அளவால் மட்டும் அல்ல, அதைத் தள்ளி வெளியேற்றும் நீரின் வலுவால். ஆரணியாற்றின் நீர் மேலே ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையிலும், வழியில் உள்ள தடுப்பணைகளிலும் தங்கிவிடுகிறது. ஏரி தூர்ந்து ஆழம் குறைந்ததால் அலையேற்றத்தில் உள்ளே வந்து போகும் நீரின் அளவும் குறைந்துவிட்டது. வலுவிழந்த நீர், அரித்துக் கொண்டுவரப்பட்ட மணலை முகத்திலேயே விட்டுவிடுகிறது. ஓரிடத்தில் கரையைத் தின்று இன்னோர் இடத்தில் வாயை அடைக்கிறது. ஒழுங்கு குலைந்த மணல் இரண்டு வேலையையும் செய்யும்.

எண்ணூர்க் கழியைப் பார்த்தவர்களுக்குப் பழவேற்காட்டின் எதிர்காலத்தை விளக்க வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றின் அந்தக் கழிமுகமும் இறாலும் நண்டும் தந்த நீர்தான். அனல் மின்நிலையங்களின் சாம்பல் குழம்பு அதில் படிந்தது. சுடுநீர் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பரவி, படகுகளையும் வலைகளையும் கூழைக்கடாக்களையும் கறுப்பாக்கியது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கழியும் கால்வாயும் தொடர்ச்சியான ஒரே நீர்ப்பரப்பு. நடுவில் சுவர் இல்லை. தெற்கில் நடப்பது வடக்கே வரும்.

இந்த நிலையில்தான் நான்காவது மறிப்பு வருகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் வாங்கிய அதானி குழுமம், அதை 330 ஏக்கர் அளவிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை முன்வைத்தது. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்து உண்டாக்கப்பட வேண்டிய நிலம். சரக்குக் கையாளும் திறனை ஆண்டுக்கு 2.5 கோடி டன் அளவிலிருந்து 32 கோடி டன்னாக உயர்த்துவது நோக்கம். 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மீண்டும் அறிவிக்கப்பட்டு மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைப்பு ரத்து ஆகாது. எந்த ஆட்சி வந்தாலும், எந்த நிறுவனம் கேட்டாலும், இந்தக் கோப்பு மறுபடியும் மேசைக்கு வரும்.

‘வேலை வேண்டாமா, வளர்ச்சி வேண்டாமா?’ என்று கேட்கப்படுகிறது. வடதிருவள்ளூரின் இளைஞர்களுக்கு வேலை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. துறைமுகத்தையே எதிர்ப்பதும் நம் நிலைப்பாடு அல்ல. ஏற்கெனவே இருக்கும் மூன்று துறைமுகங்கள் தம் திறன் முழுவதையும் பயன்படுத்துகின்றனவா, வடக்கே நூறு கிலோமீட்டர் அளவில் இதே குழுமத்தின் கையிலுள்ள கிருஷ்ணப்பட்டினம் எதற்கு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். வேலைக் கணக்குப் போடும்போது வரவை மட்டும் எழுதுவது கணக்காகாது. ஏரியையும் கரைக்கடலையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் வேலை, கூடையில் மீன் சுமந்து பொன்னேரி, மீஞ்சூர்ச் சந்தைகளில் விற்கும் பெண்களின் வேலை, வலை பின்னுவோர், ஐஸ் உடைப்போர், நண்டு தரம் பிரிப்போர் வேலை ஆகியவையும் ஏட்டில் ஏற வேண்டும். அவை இன்று இருக்கும் வேலைகள். யாரும் முதலீடு செய்யாமலே கிடைப்பவை.

நிலத்தடியிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கொசஸ்தலை, ஆரணி ஆறுகளுக்கு இடைப்பட்ட மீஞ்சூர்ப் பகுதியிலிருந்து சென்னைக்கும் ஆலைகளுக்கும் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால், கடல்நீர் நிலத்தடியில் ஏறத் தொடங்கியது 1969-லேயே பதிவாயிற்று. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கரையோர மணல் மேடுகள்தாம் மழைநீரைப் பிடித்துவைத்து உப்பைத் தள்ளி நிறுத்துகின்றன. குப்பத்துக் கிணறுகளில் குடிநீர் இருப்பது அதனால்தான். மேட்டைக் கரைத்தால் கிணறும் போகும். இந்த மணல் கரை எங்காவது ஒரு புயலில் அறுந்தால், பின்னால் இருக்கும் கழி கடலோடு கலந்துவிடும். உவர்நீர் கடல்நீராகும். இறால் வளரும் இடம் இருக்காது. மேற்கே வயல்வெளிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நிற்க எதுவும் இருக்காது. 2004 ஆழிப்பேரலையைக் கண்ட ஊருக்கு அதன் பொருள் தெரியும்.

ஒரு சங்கடமான உண்மையையும் மறைக்காமல் பேச வேண்டும். முகத்துவாரத்தின் இருபக்கமும் கற்சுவர் கட்டி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. அரசும் அதை ஏற்றுப் பணியில் இறங்கியது. பசியோடு இருப்பவர்கள் கேட்பதை மறுக்க நமக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சுவரும் கல்தான். அதுவும் தெற்கில் மணலைச் சேர்க்கும், வடக்கில் ஸ்ரீஹரிகோட்டாக் கரைக்குப் போகும் மணலைக் குறைக்கும். எனவே சுவர் கட்டுவதோடு வேலை முடிந்தது என்று அதிகாரிகள் கைகழுவக் கூடாது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டும் பொறுப்பும், ஆண்டுதோறும் கரையை அளக்கும் பொறுப்பும் அந்தத் திட்டத்தின் உள்ளேயே எழுதப்பட வேண்டும். அதைவிட முக்கியம்: தெற்கே துறைமுகங்கள் மணலை நிறுத்தி வைத்திருக்கும்வரை, முகத்துவாரச் சுவர் நோயின் ஓர் அறிகுறிக்கு மட்டும் கட்டுப் போடுவதாகவே இருக்கும்.

ஏரியின் வடபக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ராயதொருவு, கொண்டூர்ப்பாளையம் ஆகிய இடங்களில் ஏரிக்கு இருந்த பிற வாய்கள் பெரும்பாலும் அடைபட்டே கிடக்கின்றன. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போட்ட சாலை ஏரியை இரண்டாகப் பிரித்து நீரோட்டத்தைத் தடுக்கிறது. வடக்கே வாய் அடைபட்டால் ஆந்திர மீனவர்கள் தெற்கே வருகிறார்கள். தெற்கே மோதல் எழுகிறது. இரு மாநில மீனவர்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்க, ஏரி இருவருக்கும் இல்லாமல் போகிறது. சிலிகாவில் மணலால் அடைபட்ட நிலைமை இருந்தபோது, அதற்கென்று ஒரு தனி ஆணையம் அமைத்து, 2000-ஆம் ஆண்டில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன் வளம் மீண்டது. அது ஒரே மாநிலத்துக்குள் உள்ள ஏரி. இங்கே இரு மாநிலங்கள். அது கடினம்தான், செய்யாமல் இருக்க அது காரணம் ஆகாது. நதிநீருக்கு ஆணையம் அமைத்துப் பழகிய நாட்டில் ஓர் ஏரிக்கு அமைக்க முடியாதா?

புதுச்சேரி கற்ற பாடமும் நம் கண் முன்னே இருக்கிறது. 1980-களின் இறுதியில் அங்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணலைத் தெற்கிலிருந்து வடக்கே மாற்றிவிடுவோம் என்று சொல்லப்பட்டது. அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. நகரின் கடற்கரை காணாமல் போயிற்று. கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு நகர்ந்தது. வீடுகள் கடலுக்குள் போயின. முப்பது ஆண்டுகளுக்குப் பின், செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலடியில் வைத்துக் கொஞ்சம் கடற்கரையை மீட்டார்கள். நகரத்துக்கு அது கிடைத்தது. வடக்கே வீடிழந்த குப்பங்களுக்குக் கல்தான் மிச்சம். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரைக்கு அனுப்பும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. செய்ய முடியாத காரியம் எதையும் பழவேற்காடு கேட்கவில்லை.

ஆகவே தமிழ்நாடு அரசிடமும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடமும் நாம் கேட்பது இது. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா வரை உள்ள கரையை ஒரே அலகாக எடுத்து, எவ்வளவு மணல் எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு வடக்கே போகிறது என்ற முழுக் கணக்கைத் துறைமுகங்களோடு தொடர்பில்லாத அறிவியலாளர்களைக் கொண்டு தயாரித்துத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும். மணலை மறித்து வைத்திருக்கும் மூன்று துறைமுகங்களும், தூர்வாரும் மணலை நடுக்கடலில் கொட்டாமல், தம் செலவில் வடக்குக் கரைக்குச் சேர்க்க வேண்டும். இது நன்கொடையாக அல்ல, அனுமதியின் நிபந்தனையாக. ஆரணியாற்றிலிருந்து மழைக்காலத்தில் ஏரிக்கு வரவேண்டிய குறைந்தபட்ச நீர் எவ்வளவு என்பதை இரு மாநிலங்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது நடந்தாலும், அது பழவேற்காட்டிலேயே நடக்க வேண்டும். பாடு வைத்திருக்கும் தலைக்கட்டுகளோடு, பாடு இல்லாத இருளர் பெண்களும் மீன் விற்கும் பெண்களும் பேச அங்கே இடம் இருக்க வேண்டும். அறிக்கை முழுவதும் ஒரு மாதம் முன்பே தமிழில் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

மணல் கணக்கு வெளியாகும்வரை காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. தள்ளிவைப்பு என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், இதை எழுத்தில் அறிவிக்க மாநில அரசுக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது. அடுத்த பருவமழைக்கு முன் அந்த அறிவிப்பு வர வேண்டும்.